புத்தகத்தில் இல்லாத திருப்பம்

லிமெரிக்கில் வேலை பார்த்த நாட்களில், சனிக்கிழமை மாலையானால் பஸ் ஏறி எனிஸுக்குப் போய்விடுவேன். முக்கால் மணி நேரப் பயணம். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். குறுகலான தெருக்களில் நடந்தால் ஏதாவது ஒரு பப்பிலிருந்து ஃபிடில் ஓசை வெளியே கசியும். உள்ளே மேடை இருக்காது, மைக் இருக்காது, அடுத்து என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று யாரும் அறிவிக்கவும் மாட்டார்கள். மூலையில் ஒரு மேசை; அதைச் சுற்றி ஆறேழு பேர், பாதிப் பேர் நமக்கு முதுகைக் காட்டியபடி. கச்சேரி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். அவர்கள் தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் நாமும் அங்கே இருக்கிறோம், அவ்வளவுதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் செஷன்.

டின் விசில் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆறு துளை, ஒரு தகரக் குழாய், ஊதினால் முதல் நாளே சத்தம் வந்துவிடும். அந்த எளிமையை நம்பி ஏமாறாதவர் இல்லை. ரீல் என்கிற வேகமான நடன மெட்டு ஒன்றைப் புத்தகத்தைப் பார்த்து மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த மேசையிலேயே அதற்கு மூன்று பெயர்கள் இருந்தன. ஃபிடில் வாசிக்கும் பெரியவர் ஒருவர், எழுபது வயது இருக்கும், பல வாரங்களாக நான் சட்டைப்பையில் விசிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "நீ ஏதாவது தொடங்கு" என்றார். தொடங்கினேன். ஒரு சுரம் பிசகவில்லை. முதல் பகுதியில் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் பகுதியின் நடுவில் ஒரு திருப்பம் வரும். அங்கே நான் மேலே ஏறினேன், மேசை முழுவதும் கீழே இறங்கியது. அடுத்த சுற்றிலும் அதே கதை. மூன்றாவது சுற்றில் என் காது சிவந்துவிட்டது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். அவர்கள் நிற்காமல் வாசித்து முடித்தார்கள்.

"எங்கே கற்றாய்?"

"புத்தகத்தில்."

"ஆ, அந்தப் புத்தகம்" என்றார், எந்தப் புத்தகம் என்று கேட்காமலேயே. பிறகு அந்தத் திருப்பத்தை மட்டும் நான்கு முறை மெதுவாக வாசித்துக் காட்டினார். நான்கும் நான்கு விதம். இதில் எது சரி என்று கேட்டேன். கேள்வியே விளங்காததுபோல வில்லுக்கு ரோசின் தடவ ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் புத்தகத்தின் கதை ஒரு போலீஸ்காரரின் கதை. பிரான்சிஸ் ஓ'நீல் 1848-இல் கார்க் மாவட்டத்தில் டிராலிபேன் என்ற இடத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நடுவே பிறந்த பிள்ளை. 1845-இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். பாட்டுக்காரர்களும் பைப் என்கிற காற்றுப்பைக் குழல் வாசிப்பவர்களும் பெரும்பாலும் ஏழைகள், நிலமற்றவர்கள். முதலில் போனது அவர்கள்தாம். ஓ'நீல் பதினாறு வயதில் கடலுக்குப் போனார், கப்பல் உடைந்து தப்பினார், கடைசியில் சிகாகோ வந்து 1873-இல் போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு திருடன் சுட்ட குண்டு முதுகெலும்பின் அருகே தங்கி, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்தது. 1901 முதல் 1905 வரை அந்த மாநகரத்தின் போலீஸ் தலைமை அதிகாரி.

சிகாகோவில் அப்போது அயர்லாந்தின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். ஊரில் இருந்திருந்தால் கார்க்காரர் ஸ்லைகோக்காரரின் வாசிப்பைக் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை. இங்கே எல்லோரும் பக்கத்துத் தெரு. ஓ'நீல் புல்லாங்குழல் வாசிப்பார், ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார். ஆனால் சுரம் எழுதத் தெரியாது. சுரம் எழுதத் தெரிந்த இன்னொரு ஓ'நீல், ஜேம்ஸ் என்பவர், அதே போலீஸில் இருந்தார். இவர் வாசிக்க, அவர் எழுத, 1903-இல் 1,850 மெட்டுகளோடு ஒரு தொகுப்பு வெளிவந்தது. 1907-இல் நடன மெட்டுகள் மட்டும் 1,001 கொண்ட இரண்டாவது தொகுப்பு. வாசிப்பவர்கள் 'புத்தகம்' என்று மட்டும் சொன்னால் அது இதுதான்.

நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் இருப்பது என்ன? ஒரு ரீலுக்கு இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு பார் (தாள அளவு), ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை. எழுதினால் நான்கு வரியில் அடங்கிவிடும். அந்த நான்கு வரியில், ஒரு நீண்ட சுரத்தை வாசிப்பவர் எப்படிப் பிடிக்கிறார் என்பது கிடையாது. அவர்கள் 'ரோல்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சுரத்தைத் தொட்டு, மேல் விரலை ஒரு நொடி தூக்கி வெட்டி, திரும்பி வந்து, கீழ் விரலால் துளையை ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் அதே சுரத்தில் இறங்குவது. ஐந்து அசைவு, கேட்பவர் காதில் ஒற்றைச் சுரம் புரண்டு படுத்ததுபோல இருக்கும். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. ஆனால் நம்முடைய குழைவு இதில் இல்லை, எல்லாம் தாளத்துக்காகச் செய்யும் சுருக்கான வெட்டு. அந்த ரோலை எங்கே வைப்பது, எங்கே விடுவது, எந்தச் சுற்றில் மாற்றுவது என்பதில்தான் ஒருவர் வாசிப்பு அவருடையதாகிறது. புத்தகம் அதையெல்லாம் சொல்லாது. சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான்கு விதத்தில் ஒன்றை அச்சேற்றி, அதுதான் மெட்டு என்று என்னைப் போன்றவர்களை நம்பவும் வைத்துவிட்டது.

இதில் ஓ'நீல் முதல் ஆள் அல்ல. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் ஒரு யாழிசை விழா நடந்தது. (ஹார்ப்பை யாழ் என்று சொல்வதற்குத் தமிழில் சண்டை போடுபவர்கள் உண்டு, இந்தக் கட்டுரைக்கு யாழ் போதும்.) பழைய மரபில் வந்த யாழிசைக் கலைஞர்களைத் தேடி அழைத்ததில் அயர்லாந்துக்காரர்கள் பத்துப் பேர்தான் வந்தார்கள். பலர் பார்வையற்றவர்கள், பலர் கிழவர்கள். டெனிஸ் ஹெம்ப்சனுக்கு 97 வயது. பித்தளைத் தந்திகளை நீண்டு வளைந்த நகங்களால் மீட்டியவர் அங்கே அவர் ஒருவரே. வாசிப்பதையெல்லாம் எழுதிக்கொள்ள 19 வயதுப் பையன் ஒருவனை அமர்த்தியிருந்தார்கள்: எட்வர்ட் பன்டிங், தேவாலயத்து ஆர்கன் வாசிப்பவன். ஒரு சுரத்தைக்கூடக் கூட்டிச் சேர்க்கக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். விழாவுக்கு வந்திருந்த புரட்சிக்காரர் உல்ஃப் டோன், "டொய்ங் டொய்ங்கென்று மீட்டித் தொலையட்டும்" என்கிற பாவனையில் நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நாட்டு விடுதலைக்காக உயிரைவிட்ட மனிதருக்கு நாட்டு இசை அன்று சலிப்பாக இருந்திருக்கிறது. எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும்.

பன்டிங் 1796, 1809, 1840 என்று மூன்று தொகுப்புகள் வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பெரும்பாலானவை நமக்கு இல்லை. ஆனால் வெளியிட்டது பியானோவுக்கு. நகமும் பித்தளையும் போய், வரவேற்பறைகளில் சீமாட்டிகள் வாசிப்பதற்கான துணைச் சுரங்கள் வந்து சேர்ந்தன. பித்தளைத் தந்தி யாழ் அடுத்த நூற்றாண்டுக்குள் வழக்கொழிந்தது. இன்று அயர்லாந்தின் மேடைகளில் காண்கிற யாழ் அதன் நேர்வாரிசு அல்ல. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளினில் ஜான் ஈகன் என்ற கைவினைஞர் செய்த வேறு வடிவத்தின் வழி வந்தது. நாட்டுச் சின்னத்திலும் நாணயத்திலும் இருப்பதோ டிரினிட்டி கல்லூரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய யாழின் உருவம். அதையும் கின்னஸ் மதுபான நிறுவனம் 1876-இலேயே தன் முத்திரையாகப் பதிவு செய்துவிட்டதால், பின்னால் வந்த சுதந்திர அரசு யாழை எதிர்த் திசையில் திருப்பி வைத்துக்கொண்டது.

காப்பாற்ற வந்தவர்கள் காப்பாற்றியதை மாற்றியும்விட்டார்கள். அதற்காக அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. எனக்கு வியப்பு என்னவென்றால், மாற்றிய பிறகு வந்ததையும் அடுத்த தலைமுறை 'பழைய முறை' என்று சொல்லிப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டதுதான்.

மைக்கேல் கோல்மனைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-இல் பிறந்து 1914-இல் அமெரிக்கா போன ஃபிடில்காரர். நியூயார்க்கில் 1921 முதல் இசைத்தட்டுகளில் வாசித்தார். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஊரில் ஆடுபவர்கள் களைக்கும்வரை ஒரே ரீலைச் சுற்றிச் சுற்றி வாசித்த கலை, மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மூன்று மெட்டுகளை வரிசையாகக் கோத்து அடங்க வேண்டியதாயிற்று. பின்னால் பியானோ வாசித்தவர்களில் சிலருக்கு மெட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியாது. இன்று கேட்டாலும் சிரிப்பு வரும். ஆனால் முன்னால் அந்த ஃபிடில்! ஒரே வில்லில் சுரங்கள் கொட்டிக்கொண்டே போகும், ஒன்றோடொன்று ஒட்டாமல்.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் இந்தத் தட்டுகளை ஊருக்கு அனுப்பினார்கள். கிராமபோன் இருக்கிற வீட்டில் கூட்டம் கூடியது. கேட்டவர்கள் இரண்டு வகை. ஒரு கூட்டம் தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுக் கோல்மனைப் போலவே வாசிக்கக் கற்றுக்கொண்டது. இன்னொரு கூட்டம், நம்முடையதெல்லாம் ஒரு வாசிப்பா என்று கூசி ஃபிடிலைச் சுவரில் மாட்டிவிட்டது. டொனகல், கெர்ரி, கிளேர் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் இருந்த வாசிப்பு முறைகளில் ஸ்லைகோவின் நடை பல இடங்களில் புகுந்துகொண்டது. 1934-இல் அவர் ஒரு தட்டில் மூன்று ரீல்களைச் சேர்த்து வாசித்தார்: டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானெட். இன்றும் ஒரு செஷனில் யாராவது முதலாவதைத் தொடங்கினால், மேசையே அடுத்த இரண்டுக்கும் அதே வரிசையில் போகும். அப்படித்தான் போகவேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இத்தனைக்கும் டார்போல்டன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மெட்டு.

ஸ்காட்லாந்து என்றதும் கருவிகளையும் பார்த்துவிடுவோம். கான்செர்டினா என்கிற சின்னக் கைத்துருத்திக் கருவி இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் உருவானது. டின் விசிலை 1843 முதல் செய்து விற்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் கிளார்க். மரப் புல்லாங்குழல் வந்த வழி இன்னும் வேடிக்கை: ஐரோப்பிய இசைக்குழுக்கள் புதுவகை உலோகச் சாவிக் குழலுக்கு மாறியபோது, கழித்துக்கட்டிய பழைய குழல்கள் மலிவாகக் கிடைத்தன, அதை வாங்கி ஊதியவர்கள் அயர்லாந்தின் கிராமத்தார். பாஞ்சோ அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. மெட்டுகளும் இப்படித்தான் வெளியே போயின. நோட்டுஸ்வரம் பாடிப் பழகியவர்களுக்கு 'வந்தே மீனாக்ஷி' தெரிந்திருக்கும். ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் கட்டினார். அதில் இது ஓர் அயர்லாந்து நடன மெட்டு. என் அக்கா பாட்டு வகுப்பிலிருந்து வந்து அதைப் பாடிக்கொண்டே தட்டுக் கழுவுவாள். பல ஆண்டுகள் கழித்து எனிஸில் பியரின் வாடைக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, மீனாக்ஷி நினைவுக்கு வந்ததற்கு நான் பொறுப்பல்ல.

நடனத்தின் கதை இதைவிட முறுக்கானது. கேய்லி என்கிறார்கள், நம் காதில் 'கேலி' என்று விழும். பழமையின் அடையாளமாகக் காட்டப்படும் இந்தப் பொது நடனக் கூட்டத்தின் முதல் நிகழ்ச்சி 1897-இல் நடந்தது, அதுவும் லண்டனில். அயர்லாந்து மொழியை மீட்கப் புறப்பட்ட கேலிக் லீக்காரர்கள் நடத்தியது. கிராமத்தில் நிஜமாக ஆடிக்கொண்டிருந்த 'செட்' நடனங்கள் பிரான்சிலிருந்து வந்தவை என்று சொல்லி அவர்கள் ஒதுக்கினார்கள். பிறகு அரசும் பாதிரிமாரும் சேர்ந்துகொண்டார்கள். 1935-இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. நடனம் நடத்த உரிமம் வேண்டும். சட்டத்தில் எழுதியிருந்தது பொது இடத்தைப் பற்றி. ஆனால் பல ஊர்களில் சமையலறையில் நாலு பேர் கூடி ஆடியதற்கும் போலீஸ் வந்து நின்றது. வீட்டில் ஒரு ஃபிடில் போதும். பெரிய கூடத்தில் போதாது. அதனால் பியானோ, டிரம், அக்கார்டியன் எல்லாம் சேர்ந்த கேய்லி பேண்டுகள் பெருகின. கிளேரின் கில்ஃபெனோரா, டல்லா பேண்டுகள் இன்றும் பெரிய பெயர்.

நான் உட்கார்ந்திருந்த அந்தச் செஷன்? அதுவாவது பழையது என்று நினைத்திருந்தேன். பப்பில் கூடி வாசிக்கும் வழக்கம் வேர்பிடித்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கட்டட வேலைக்கு லண்டன் போனவர்களிடையே. கேம்டன் டவுன் பக்கத்தில் வாடகை அறையில் ஃபிடில் வாசித்தால் வீட்டுக்காரி விடமாட்டாள், பப்புக்கு வந்தார்கள். அயர்லாந்தின் பப்புகளில் அது பரவலானது பிறகுதான். ஊரில் பாட்டுக்கு வீட்டு அடுப்படி, கடைத்தெருச் சந்தி, சந்தை. பப்பில் பாடினால் சில இடங்களில் வெளியே போகச் சொல்வார்களாம்.

1951-இல் மலிங்கர் ஊரில் நாட்டு இசையை வளர்க்க கோல்தஸ் என்ற அமைப்பு தொடங்கியது. ஆண்டுதோறும் ஃப்ளா என்கிற திருவிழா. இன்று லட்சக்கணக்கில் கூட்டம். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டது இவர்களால். அதோடு போட்டியும் வந்தது, நடுவர் வந்தார், மதிப்பெண் வந்தது. பரிசு வாங்கிய வாசிப்பை மற்றப் பிள்ளைகள் காப்பி அடிக்காமல் இருப்பார்களா?

ஷான் ஓ ரியாடா வேறு ரகம். ஐரோப்பிய இசை கற்றவர். 1960 வாக்கில் நாட்டு வாசிப்பாளர்களைச் சேர்த்து கியோல்தோரி கூலன் என்ற குழு அமைத்தார். பவ்ரான் என்கிற தோல் பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதுவரை அது டிசம்பர் 26 அன்று வேடம் போட்டு வீடு வீடாகப் போகும் பையன்கள் தட்டுவது. வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டிய, சல்லடை போன்ற பொருள். இன்று அதில்லாமல் அயர்லாந்து இசையின் படம் ஒன்று கிடைக்காது. பைப் வாசிப்பவரும் மெட்டுச் சேகரிப்பாளருமான ஷேமஸ் என்னிஸிடம் அதை எதைக்கொண்டு வாசிப்பது நல்லது என்று கேட்டபோது, பேனாக் கத்தியால் என்று சொன்னதாகச் சொல்வார்கள். ஓ ரியாடா 1971-இல் நாற்பது வயதில் இறந்துபோனார். அதற்குள் புசூக்கி என்கிற கிரேக்கத்துத் தந்திக் கருவியும் வந்து சேர்ந்திருந்தது. 1960-களின் நடுவில் ஜானி மாய்னிஹன் கொண்டுவந்தது, பிளாங்க்ஸ்டி குழுவின் கைக்குப் போனதும் நூறாண்டு இருந்ததுபோல ஆகிவிட்டது. 1994-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை.

யாரும் காப்பாற்ற வராதவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல ஆசை. ஊர் ஊராகக் குதிரை வண்டியில் போய்வந்த 'டிராவலர்' சமூகத்தை அயர்லாந்து இழிவாகவே நடத்தியது. அவர்களைத் தனி இனக்குழுவாக அரசு ஏற்றது 2017-இல்தான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஜானி டோரன் இல்லன் பைப்ஸ் வாசித்தவர். வாயால் ஊதுவதல்ல அது. வலது கையிடுக்கில் துருத்தி, இடது கையிடுக்கில் காற்றுப் பை, விரலடியில் குழல், மணிக்கட்டால் அழுத்தும் சாவிகள். ஏழாண்டு கற்று, ஏழாண்டு பயின்று, ஏழாண்டு வாசித்தால்தான் பைப்பர் என்பது அங்கே பழமொழி. உட்கார்ந்து வாசிக்கிற கருவி. டோரன் சந்தைகளிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் பெட்டிமேல் காலை ஊன்றி நின்றுகொண்டே வாசிப்பார். கிளேரின் மில்டவுன் மால்பே பக்கம் அவர் வந்தபோது கேட்டு மயங்கிய தச்சர் வில்லி கிளான்சி பின்னாளில் பெரிய பைப்பரானார். 1973 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் அவர் பெயரில் கோடைகாலப் பள்ளி நடக்கிறது. டோரனின் வாசிப்பில் நம்மிடம் இருப்பது 1947-இல் டப்ளினில் பதிவான சில தட்டுகள் மட்டுமே. அடுத்த ஜனவரியில் அவர் வண்டிமேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. 1950-இல் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதிவில் அவர் ஒரு மெட்டையும் இரண்டு சுற்று ஒரே மாதிரி வாசிக்கவில்லை. 2017-இல் யுனெஸ்கோ இந்த பைப் வாசிப்பைப் பண்பாட்டுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

எனிஸுக்குத் திரும்புகிறேன். அவமானப்பட்ட அன்றே போனை மேசைமேல் வைத்து அந்தத் திருப்பத்தைப் பதிவு செய்துகொண்டேன். பெரியவர் வாசித்த நான்கில் மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. பாதி வேகத்தில் ஓடவிட்டு, இரவில் பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை ஊதி ஊதி, ரோல் விழும் இடம் உட்பட அப்படியே பிடித்தேன். ஐந்து வாரம் ஆயிற்று. மறுபடியும் போனேன். அன்று என்னை யாரும் தொடங்கச் சொல்லவில்லை, நானே தொடங்கினேன். திருப்பம் வந்தது. மேசையில் பாதி மேலே ஏறியது, பாதி கீழே இறங்கியது, நான் நடுவே என் மூன்றாவது வழியில் போய்ச் சேர்ந்தேன். யாரும் நிற்கவில்லை.

முடிந்ததும் பெரியவர் என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த இடம், நடுவில் வாசித்தாயே, அது யாருடையது?"

"உங்களுடையதுதான்."

நம்பவில்லை. போனை எடுத்து ஓடவிட்டேன். இரைச்சலில் கேட்கவில்லை என்று வாங்கிக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

"நன்றாக வாசிக்கிறானே" என்றார். "யார் இவன், கிளேர்க்காரனா?"

நான் பதில் சொல்வதற்குள் கான்செர்டினாக்காரப் பெண் அடுத்து ஒரு ஜிக் நடன மெட்டைத் தொடங்கிவிட்டார். பெரியவர் போனை என் மடியில் வைத்துவிட்டு வில்லை எடுத்துக்கொண்டார்.